ஒத்திகையில் செத்துப்போனவள்

எங்கள் மாவட்டத்துப் பெரியாஸ்பத்திரிக்கு ஜனங்கள் வைத்தியத்துக்கு மட்டும்தான் வருகிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். நான் அங்கே கேசுவால்டியில் நர்ஸ். அதற்கு முன்னால் ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தேன். மருத்துவக் கல்லூரி வந்து, ஆஸ்பத்திரியும் மாடிமேல் மாடியாக ஏறியபோது என்னையும் தூக்கி இங்கே போட்டார்கள். வந்த புதிதில் எனக்கும் அப்படித்தான் எண்ணம்.

மல்லாங்கிணறிலிருந்து ஒரு பெரியவர் வாரம் தவறாமல் வருவார். சீட்டுப் போடும் வரிசையில் நின்று முன்னாலும் பின்னாலும் இருப்பவர்களிடம் மழை, மக்காச்சோளம், மருமகள் எல்லாம் பேசுவார். தன் முறை வந்ததும் பின்னால் நிற்பவரை முன்னே விட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விடுவார். கண் டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பேசி முடிந்த கல்யாணங்கள் எனக்குத் தெரிந்தே மூன்று. வாசலுக்கு எதிரே ஒரு முஸ்லிம் குடும்பம் பிளாஸ்க், பக்கெட், கோரைப்பாய் விற்கிறது. எந்த வார்டில் கட்டில் தீர்ந்து தரையில் படுக்க வைக்கிறோம் என்பது டீனுக்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். அன்றைக்குக் கோரைப்பாய் கூடுதலாக ஓடும்.

என் வீட்டுக்காரர் சாத்தூரில் பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் சர்ச் சபையில் யாருக்கு என்ன வந்தாலும், "பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, எங்க வீட்டுல அங்கதான் இருக்காக, நல்லாப் பாப்பாக" என்று அனுப்பி வைப்பார். அவருக்கு ஒரு தும்மல் வந்தால் மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுப்பார்.

நான் சொல்ல வந்தது ஒத்திகையைப் பற்றி.

ஒரு வருஷம் தீபாவளி சீசன் சூடு பிடிப்பதற்கு முன்னால் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. பட்டாசுக் கம்பெனியில் விபத்து நடந்தால் ஆஸ்பத்திரி எப்படிச் சமாளிக்கும் என்று ஒத்திகை நடத்திக் காட்ட வேண்டும். பார்வையிட ஆட்கள் வருவார்கள். கேசுவால்டியில் இருந்த நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நிஜமாக வெடித்த நாட்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் லோடு ஆட்டோவில், வேட்டியில் சுற்றித் தூக்கி வருவார்கள். ஒருத்தருக்கு வாய் இருக்கும், பெயர் சொல்வார். இன்னொருத்தருக்கு அதுவும் இருக்காது. யாரும் வரிசையில் வருவதில்லை. ஆனாலும் ஒத்திகை என்றால் ஒத்திகைதான். எங்களுக்கு இரண்டு நாள் வகுப்பு எடுத்தார்கள்.

வகுப்பு எடுத்தவர்தான் ஒத்திகைக்குப் பொறுப்பான அதிகாரி. வெளியூர்க்காரர், சுத்தமான மனிதர், எதையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் பேசுவார். காயம்பட்டு வருகிறவர்களின் மணிக்கட்டில் கலர் பட்டை கட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். சிவப்பு என்றால் உடனே பார்க்க வேண்டியவர். மஞ்சள் கொஞ்சம் காத்திருக்கலாம். பச்சை நடந்தே வந்துவிடுவார். கறுப்பு என்றால் செத்தவர்.

"கறுப்புப் பட்டைகிட்ட யாரும் போகக் கூடாது. அங்க செலவழிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் உயிரோட இருக்கிற ஒருத்தர்கிட்டருந்து எடுக்கிற நிமிஷம்" என்றார். நியாயமான பேச்சு. எல்லாரும் எழுதிக்கொண்டோம்.

ரத்தத்துக்கு என்ன செய்வது என்று ஒரு கேள்வி வந்தது. ரோஸ்மில்க் எசன்ஸ் போதும் என்று நான் சொன்னேன். எறும்பு மொய்க்கும் என்று அதிகாரி மறுத்துவிட்டார். கடைசியில் சிவகாசியில் ஒரு அச்சகத்திலிருந்து சிவப்பு மை ஒரு டப்பா வந்தது. காலண்டரில் சாமி படத்துக்கு அடிக்கிற மை. வெயிலில் தொங்கினாலும் வருஷம் முழுக்க மங்காது என்று கொண்டுவந்தவர் பெருமையாகச் சொன்னார். அதை முகத்தில் பூசினால் என்ன ஆகும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

நோயாளிகளாக நடிக்க அச்சங்குளத்துப் பக்கம் ஒரு கம்பெனியிலிருந்து பன்னிரண்டு பேர் வேனில் வந்து இறங்கினார்கள். கூட ஒரு போர்மேன். வந்தவர்கள் முகத்தில் திருவிழாக் களை. வேலைநாளில் வெளியே வந்து, ஆஸ்பத்திரி செலவில் காப்பி குடித்து, படுத்துக் கிடந்துவிட்டுப் போவது என்றால் சும்மாவா? அதில் மீசைக்கார ஒருத்தருக்குப் பச்சைப் பட்டை, அதாவது லேசான சிராய்ப்பு. அவர் பட்டை கட்டின நிமிஷத்திலிருந்து, "ஐயோ, எம் பிள்ளைகள இனி யாரு பாப்பாக!" என்று ஆஸ்பத்திரியே அதிர அலற ஆரம்பித்தார். அந்தச் சிராய்ப்புக்கு அவ்வளவு ஆகாது என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒரு பெண் எனக்கு ஒதுக்கப்பட்டாள். நாற்பது வயது இருக்கும். சரவெடி பின்னும் வேலை. விரல் நுனியெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. முகத்திலும் கழுத்திலும் மை பூசி, சிவப்புப் பட்டை கட்டி, நெஞ்சில் ஒரு தாளையும் குத்தியிருந்தார்கள். 'தீக்காயம் நாற்பது சதவீதம், ரத்த அழுத்தம் எண்பதுக்கு ஐம்பது' என்று அதில் அச்சடித்திருந்தது. ஒத்திகையில் நாங்கள் அழுத்தம் பார்ப்பது போலப் பாவனை செய்தால் போதும், எண் ஏற்கெனவே தாளில் இருக்கிறது.

ஆரம்பிக்க இன்னும் நேரம் இருந்தது. கை சும்மா இருக்காமல் அவள் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றி மெஷினை அமுக்கினேன். இருநூற்று இருபதுக்கு நூற்று முப்பது என்று காட்டியது. மெஷின் கோளாறு என்று நினைத்தேன். எங்கள் மெஷின்கள் அதற்குப் பேர்போனவை. பழைய பாதரச மெஷினை எடுத்து வந்து ஸ்டெத் வைத்துக் கேட்டேன். அதுவும் அதையேதான் சொன்னது.

பக்கத்தில் நின்ற பயிற்சி டாக்டர், சின்னப் பெண், தாளை எட்டிப் பார்த்தாள்.

"சிஸ்டர், இதுல எண்பதுக்கு ஐம்பதுன்னு இருக்கே. அதையே எழுதிருவோம். மாத்தினா டாக்குமென்ட் ஒத்துவராது."

"டாக்குமென்டுக்கு மட்டுமில்ல டாக்டர், இந்த பிரஷர் இவுகளுக்கும் ஒத்துவராது" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அதற்குள் யாரோ கூப்பிட ஓடிவிட்டாள்.

நான் அந்தப் பெண்ணிடம், "தல வலிக்குதாம்மா?" என்று கேட்டேன்.

"அது இன்னைக்கு நேத்தா வலிக்குது? சீசன் ஆரம்பிச்சதுலருந்து வலிதான். வெடிமருந்து வாடைக்கு அப்படித்தான் இருக்கும்னு சொன்னாக."

"பிரஷர் பாத்திருக்கீகளா எப்பவாச்சும்?"

"எனக்கு எதுக்கு சிஸ்டர்? நான் நல்லாத்தான இருக்கேன். நடிக்கத்தான வந்தேன்."

மேலே பேசுவதற்குள் வராந்தாவில் ஒரு சச்சரவு. செத்தவராகப் படுக்க வேண்டியவர் மாட்டேன் என்று நின்றுகொண்டிருந்தார். "எம் பொண்டாட்டி மாசமா இருக்கா சார். நான் போயி வெள்ளத்துணியப் போத்திக்கிட்டுப் படுக்கவா? கைய வெட்டுங்க, கால வெட்டுங்க, செத்தவனா மட்டும் படுக்க மாட்டேன்." அதிகாரி மற்றவர்களைக் கேட்டார். ஒருத்தருக்கு வீட்டில் கல்யாணம் வைத்திருந்தது, ஒருத்தர் கோயிலுக்கு மாலை போட்டிருந்தார். பார்வையிட வந்தவர்களின் கார் உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. கறுப்புப் பட்டை ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்று தாளில் இருந்தது.

என் பெண் எழுந்து உட்கார்ந்தாள். "நான் வேணா படுக்கேன் சார். செத்தவுகளுக்குக் கத்த வேண்டாம்ல? கொஞ்சம் கண்ண மூடிக் கிடந்தா தலைக்கு நல்லாருக்கும்."

அதிகாரிக்கு அவ்வளவு நிம்மதி. அவரே தன் கையால் சிவப்புப் பட்டையை அவிழ்த்துக் கறுப்பைக் கட்டினார். "சார், இவுகளுக்கு நெசமாவே பிரஷர்..." என்று நான் ஆரம்பித்தேன். "எல்லாம் முடிஞ்சப்புறம் சிஸ்டர்" என்றார். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போய் வராந்தாவின் கோடியில் விட்டு, கழுத்துவரைக்கும் வெள்ளைத்துணியைப் போர்த்தி, யோசித்துவிட்டு முகத்தையும் மூடினார்கள். சைரன் ஊதியது.

அடுத்த பத்து நிமிஷம் ஒத்திகை கச்சிதமாக நடந்தது. ஸ்ட்ரெச்சர்கள் வரிசையில் வந்தன. பட்டையின் கலரைப் பார்த்துப் பிரித்து அனுப்பினார்கள். மீசைக்காரர் பிள்ளைகள் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதார். எனக்கு வேலை இல்லை; என் நோயாளிதான் செத்துவிட்டாளே. சிவப்புப் பகுதியில் நின்றபடி வராந்தாக் கோடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வெள்ளைத்துணி ஏறி இறங்குகிற வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. தூங்குகிறவள் மூச்சு அப்படி இருக்காது.

நடந்தேன். அதிகாரி குறுக்கே வந்தார்.

"சிஸ்டர், உங்க ஏரியா அது இல்ல. செத்தவங்ககிட்ட ஏன் போறீங்க?"

"அவுகளுக்கு பிரஷர் இருநூத்தி இருபது சார்."

"செத்தவங்களுக்கு பிரஷர் இருக்காது சிஸ்டர்." அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. மறந்துபோன பாடத்தை ஞாபகப்படுத்துகிற வாத்தியார் மாதிரி பொறுமையாகச் சொன்னார்.

அவரைச் சுற்றிக்கொண்டு போய்த் துணியை விலக்கினேன். கண்ணை இறுக்க மூடியிருந்தாள்.

"முடிஞ்சிருச்சா சிஸ்டர்? தொறக்கலாமா?"

"தொறங்க."

திறந்தாள். என் முகத்தை விட்டுவிட்டு என் தோளுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்தாள். "பொக மாதிரி இருக்கு சிஸ்டர். துணி மூடுனதுலயா?" என்று கேட்டுவிட்டு, ஸ்ட்ரெச்சருக்கு வெளியே தலையைச் சாய்த்து வாந்தி எடுத்தாள். பார்வையிட வந்தவர்களில் ஒருவர் கிட்டே வந்து பார்த்து, "ரொம்ப தத்ரூபமா பண்றாங்க" என்று சொல்லி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்வளவு காலம் கேசுவால்டியில் இருந்துவிட்டு, எந்த டாக்டரை எப்படிக் கூப்பிடுவது என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை. "டாக்டரக் கூப்பிடுங்க!" என்று கத்தினால் அங்கே எல்லாருமே அதைத்தான் கத்திக்கொண்டிருந்தார்கள். ஸ்ட்ரெச்சரை நானே தள்ளினேன். அந்தப் பயிற்சி டாக்டர் எதிரே வந்தவள், என் முகத்தைப் பார்த்தாள், நோயாளியைப் பார்த்தாள். தானே பிரஷர் பார்த்தாள். பிறகு கழுத்து ஸ்டெத் பறக்க மாடிக்கு ஓடினாள்.

பெரிய டாக்டர் வந்து ஊசி போட்டு, மெதுவாக அழுத்தத்தை இறக்கினார். மளமளவென்று இறக்கினாலும் ஆபத்து. அந்த அறைக்கு வெளியே ஒத்திகை முடிந்து கைத்தட்டல் கேட்டது. குரூப் போட்டோவுக்கு என்னைத் தேடினார்களாம்.

அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி தன் வேலையைக் காட்டியது. அட்மிஷன் போட கம்ப்யூட்டர் முன்னால் இருந்த கிளார்க்கிடம் போனேன். அவர் பெயரை அடித்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார்.

"இந்தப் பேருல இன்னைக்கு டெத் ஏத்தியாச்சு சிஸ்டர்."

"அது ஒத்திகை."

"நெசம் மாதிரியே ஏத்தணும்னு சார் சொன்னாக, ஏத்திட்டேன். செத்த ஆளுக்கு அட்மிஷன் குடுத்தா ஒத்துக்கிடாது. வேணும்னா இன்னொருக்கா சாகடிக்கலாம், உசுரு குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல."

கடைசியில் அவரே வழி கண்டுபிடித்தார். புருஷன் பெயரை எடுத்துவிட்டு அப்பா பெயரைப் போட்டு, புதிய ஆளாக ஏற்றினார். அப்படி அவள் பிறந்த வீட்டுப் பெயரோடு மறுபடி உயிர் பெற்றாள்.

மெடிக்கல் வார்டில் டூட்டி டாக்டர் அவள் சிவந்த முகத்தைப் பார்த்ததும் கேஸ் ஷீட்டைத் திறக்காமலே தீக்காய வார்டுக்கு அனுப்பினார். தீக்காய வார்டில் பஞ்சால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது காயம் இல்ல, மை" என்று திருப்பி அனுப்பினார்கள். மண்ணெண்ணெய் இருந்தால் போகும் என்று ஒருத்தர் சொன்னார். ஆக்ஸிஜன் ஓடுகிற வார்டில் மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? எதிர்க்கடையில் தேங்காய் எண்ணெய் வாங்கி நான் தேய்த்துவிட்டேன். முகம் வெளுத்தது. காது மடிப்பிலும் கழுத்துச் சுருக்கத்திலும் சிவப்பு அப்படியே நின்றது. அச்சகத்துக்காரர் பொய் சொல்லவில்லை.

இதற்கிடையில் போர்மேன் வேனில் தலையை எண்ணியிருக்கிறார். பதினொன்று. வார்டுக்கு வந்து எட்டிப் பார்த்தவர், குளுக்கோஸ் ஏறுவதைப் பார்த்துவிட்டு, "ஒத்திக முடிஞ்சிருச்சு தாயி, வா போவோம்" என்றார். விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனுஷன். "நடிக்கத்தான சிஸ்டர் கூட்டியாந்தோம்" என்று மட்டும் சொன்னார்.

போர்மேன் அவள் வீட்டுக்குச் சொல்வதற்கு முன்னாலேயே யாரோ சொல்லிவிட்டார்கள். வேனில் காத்திருந்த ஒருத்தர் ஊருக்குப் போன் போட்டுச் சிரித்துக்கொண்டே, "அவுகள செத்தவுகளாப் போட்டுட்டாக, இப்ப நெசமாவே ஊசி போடுறாக" என்றிருக்கிறார். அது ஒரு வாய், இரண்டு வாய் மாறி அவள் புருஷன் காதுக்குப் போனபோது முதல் பாதி மட்டும்தான் மிச்சம் இருந்தது.

அந்த ஆள் எப்படி வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார் என்று தெரியவில்லை. சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல், காலில் ஒரு செருப்போடு, மார்ச்சுவரி எங்கே என்று வாசலில் கேட்டிருக்கிறார். வாட்ச்மேன் வழியும் காட்டிவிட்டார். அங்கே இல்லை என்று சொன்ன பிறகு வார்டு வார்டாகத் தேடிக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்தார். அவள் அப்போது பன்னைப் பாலில் முக்கித் தின்றுகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும், "ஏன், கம்பெனி லீவா?" என்று கேட்டாள்.

அவர் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். வார்டே திரும்பிப் பார்த்தது. அழுது முடித்ததும் கோபம் வந்தது. "ஒன்னிய எவ சாகச் சொன்னா? ஊருல பன்னெண்டு பேருக்கு நீதான் கெடச்சியா?"

"தல வலிச்சுச்சு. படுத்துக்கிட்டேன்" என்றாள் அவள்.

நான் வெளியே வந்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் மார்ச்சுவரிக்கு வழி கேட்டு வந்து, இப்படித் திட்டிக்கொண்டு நிற்க வாய்த்த ஒரே ஆள் அவர்தான்.

பன்னிரண்டு நாள் இருந்தாள். சிறுநீரகம் கொஞ்சம் அடிபட்டிருந்தது. கண்ணுக்குப் பின்பக்கம் ரத்தம் கசிந்திருந்தது; பார்வை மெதுவாகத் தெளிந்தது, முழுசாக இல்லை. கடைசிப் பிரசவத்திலேயே பிரஷர் இருந்திருக்க வேண்டும், இந்த சீசனைத் தாண்டியிருக்க மாட்டாள் என்றார் பெரிய டாக்டர். இதை அவர் வார்டில் மாணவர்களுக்குப் பாடமாகவும் சொன்னார். எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்று ஒரு மாணவன் கேட்டபோது, "தற்செயலாக" என்றார்.

எனக்கு ஒரு மெமோ வந்தது. ஒத்திகை நடந்துகொண்டிருக்கும்போது ஒதுக்கப்பட்ட இடத்தை விட்டு நீங்கியதும், இறந்தவரின் உடலை விதிகளுக்கு மாறாகச் சிகிச்சைப் பகுதிக்குக் கொண்டுசென்றதும் ஏன் என்று மூன்று நாளுக்குள் விளக்கம் கேட்டிருந்தார்கள். 'இறந்தவர் வாந்தி எடுத்தார்' என்று ஒரு வரியில் எழுதிக் கொடுத்தேன். டீன் கூப்பிட்டு அனுப்பினார். உள்ளே போனதும் என் பதிலை வாய்விட்டுப் படித்தார். சிரிக்கக் கூடாது என்று கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். "சரி சிஸ்டர், போங்க" என்றார். தாளை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார்.

ஒத்திகை முழு வெற்றி என்று அறிக்கை வந்தது. நிர்ணயித்த நேரத்துக்குள் எல்லாரும் சிகிச்சை பெற்றார்கள். உயிரிழப்பு ஒன்று, எதிர்பார்த்தபடி. எங்கள் எல்லாருக்கும் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. மொத்தப் பட்டியலையும் கொடுத்து ஒரேயடியாக அச்சடித்திருந்ததால் என் பெயரும் அதில் இருந்தது. கிளார்க் மட்டும் அந்தப் பழைய டெத் பதிவை எடுக்க நாலு மாதம் கடிதம் எழுதினார். எடுத்தார்களா என்று தெரியாது.

அவள் கம்பெனிக்குத் திரும்பிப் போனாள். வெடி பின்னுவதிலிருந்து லேபிள் ஒட்டுகிற பக்கம் மாற்றிக் கொடுத்தார்கள். மாதாமாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாத்திரை வாங்க வருவாள். முதல் மாதம் தனியாக வந்தாள். இரண்டாவது மாதம் ஷேர் ஆட்டோவில் எட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எல்லாரும் அவளோடு வேலை பார்க்கிறவர்கள்.

"தல வலிக்குதுன்னு சொல்றவுகள எல்லாம் கூட்டியாந்துட்டேன் சிஸ்டர். மருந்து வாடையா, பிரஷரான்னு பாத்துச் சொல்லுங்க."

பார்த்தோம். மூன்று பேருக்குப் பிரஷர். ஒருத்திக்குச் சர்க்கரையும் சேர்ந்திருந்தது. மற்ற ஐந்து பேருக்கு மருந்து வாடைதான். அதற்கு எங்களிடம் மாத்திரை இல்லை. அடுத்த மாதம் வேறு ஐந்து பேர் வந்தார்கள். ஒருமுறை அந்த மீசைக்காரரையும் இழுத்துக்கொண்டு வந்தாள். அவ்வளவு அலறியவர், கையில் பட்டையைச் சுற்றியதும் கண்ணை மூடிக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒன்றுமில்லை.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை கூட்டம் குறைவு. அவளுக்குப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் எழுந்திருக்காமல் என்னையே பார்த்தாள்.

"ஒங்களுக்கு எம்புட்டு இருக்கு சிஸ்டர்?"

"எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. எத்தனையோ ஆயிரம் கைகளில் பட்டையைச் சுற்றியிருக்கிறேன். என் கையில் கடைசியாக எப்போது சுற்றினேன் என்று யோசித்தால் ஞாபகம் வரவில்லை.

"உக்காருங்க" என்றாள். அந்தப் பயிற்சி டாக்டர் இப்போது எங்கள் ஆஸ்பத்திரியிலேயே மேற்படிப்புப் படிக்கிறாள். அவளைக் கூப்பிட்டு, "இந்த சிஸ்டருக்கும் பாருங்க டாக்டர்" என்று சொன்னதும் இவள்தான். நூற்று எழுபதுக்கு நூறு. மெஷினில் கோளாறு இருக்கும் என்று நான் சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். பாதரச மெஷினிலும் பார்த்தார்கள்.

வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் உடனே மதுரைக்குப் போக டிக்கெட் போடவா என்றார். வேண்டாம் என்றேன். எங்கள் மருந்தகத்து மாத்திரையையே சாப்பிடுகிறேன். இப்போதெல்லாம் செவ்வாய்க்கிழமை அவள் வந்தால் முதலில் என் எண்ணைக் கேட்கிறாள், பிறகுதான் தன் கையை நீட்டுகிறாள்.

"கொறையலையே சிஸ்டர். உப்பக் கொறைச்சீகளா?"

"கொறைச்சேன்."

"கருவாடு?"

நோட்டைப் புரட்டினேன்.

"அத விட்டுருங்க சிஸ்டர். நானே விட்டுட்டேன்" என்றாள்.

நான் இன்னும் விடவில்லை.